ஓபன்எஸ்எஸ்எல்லில் மெமரி எடுத்து மாட்டுப்பட்ட கதைகள்

ஒடியற்கூழ்

மூன்று வாரமாகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எழுதிவிட்டாலாவது நித்திரை வருமோ பார்ப்போம்.

ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியை வைத்து, சான்றிதழ் ஒன்றை டிஈஆர் என்ற பைனரி வடிவமாக்கிக் கோப்பில் எழுதுகிற சின்ன சி புரோகிராம். சான்றிதழை ஏற்றி, பிறகு அதன் இரகசியக் கீயை ஏற்றி, டிஈஆர் ஆக்குகிற ஐ2டி எக்ஸ்509 ஃபங்ஷனை முதலில் நல் (வெற்று முகவரி) கொடுத்துக் கூப்பிட்டு நீளம் எடுத்தேன். 1187 பைற். அந்த அளவுக்கு மெமரி எடுத்து, இரண்டாம் தரம் கூப்பிட்டு, கோப்பில் எழுதி, எடுத்த மெமரியை ஃப்ரீ பண்ணி விடுவித்தேன். ஃப்ரீயில் 'இன்வேலிட் பொயின்ரர்' (மெமரி முகவரி பிழை) என்று சொல்லிவிட்டுச் செத்தது. கோப்பு மட்டும் வந்திருந்தது, அளவும் சரியாக 1187. அதை அப்படியே வட்ஸ்அப்பில் கூட்டாளிக்கு அனுப்பி, "வேலை முடிந்தது, கடைசியில் மட்டும் ஒரு கிராஷ், பிறகு பார்க்கிறேன்" என்றேன்.

இரவு பதினொரு மணி. கொத்துரொட்டி சுற்றி வந்த தாளின் பின்பக்கத்தில் மெமரி எடுத்தபோது வந்த முகவரியையும் ஃப்ரீக்குப் போன முகவரியையும் எழுதிக் கழித்துப் பார்த்தேன். வித்தியாசம் 1187. அப்போதுதான் உறைத்தது. கையில் கொடுத்த பொயின்ரரை அந்த ஃபங்ஷன் எழுதி முடித்த இடத்துக்கு நகர்த்திவிடும் என்று மனுவலிலேயே இருக்கிறது. நான் பிரதி எடுத்து வைக்காமல் அசலையே கொடுத்திருக்கிறேன். சரி, திருத்தியாயிற்று என்று எழும்பப் போனேன்.

அந்த நேரம் கூட்டாளியிடமிருந்து செய்தி: "மச்சான், இந்தச் சான்றிதழ் திறக்கவில்லை. உள்ளே ஏதோ எழுத்துகள் கிடக்கின்றன."

கோப்பை பைற் பைற்றாகக் காட்டுகிற ஹெக்ஸ்டம்பில் போட்டேன். எழுதும்போதும் பொயின்ரர் நகர்ந்துதானே இருந்தது, ஆகவே கோப்புக்குள் போனது சான்றிதழ் இல்லை, அதற்கு அடுத்த 1187 பைற். அங்கே ஐந்நூறு எழுத்தளவில் பேஸ்64. அதன் முடிவில் ஐந்து கோடு, 'எண்ட் பிரைவேட் கீ', ஐந்து கோடு.

அந்த வரியைத்தான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

தேரடிக்கச்சான்

அண்ணை, உங்களுக்குச் செத்தாவது காட்டியது. எனக்குச் சாகாமலே நோகடித்தது.

சேர்வர் ஒன்று, இணைகிற ஒவ்வொரு கருவியும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். எஸ்எஸ்எல் கெட் பியர் சேர்ட்டிஃபிகேட்டால் எடுத்து, பெயரைப் பார்த்து, உள்ளே விடுவேன். அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருக்கால் மெமரி நிரம்பி விழும். ரீஸ்ரார்ட் கொடுத்தால் எழும்பும். எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

நல்லூர்த் திருவிழா, தேரன்று. போனை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பூட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றி வேட்டியோடு உள்ளே போய்விட்டேன். வெயில் ஏறித் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் தவறிய அழைப்பு 31. வெற்று மேலோடு, நெற்றியில் திருநீறு வியர்வையில் வழிய, பக்கத்தில் ஐஸ்கிறீம் வான் மணி அடிக்க, போனிலேயே சேர்வருக்குள் போய் ரீஸ்ரார்ட் கொடுத்தேன். அம்மா "யாரப்பன் போனில், செத்தவீடா?" என்று கேட்டா.

அந்த ஃபங்ஷன் சான்றிதழைத் தரும்போது, அதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கில் எங்களுக்காக ஒன்று கூட்டும், அதைக் குறைக்க நாங்கள்தான் எக்ஸ்509 ஃப்ரீ போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மெமரி விடுபடாது. பெயரில் அதற்கு அடையாளமே இல்லை. 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3.0-இல்தான் கெட்1 என்று பெயர் மாற்றி, கெட்0 என்று இன்னொன்றும் கொடுத்தார்கள். கெட்0 பார்த்துவிட்டு விடுவது, கெட்1 திருப்பிக் கொடுக்க வேண்டியது. முதலே அப்படி வைத்திருந்தால் எனக்கு ஒழுங்கான ஒரு தேராவது கிடைத்திருக்கும்.

பூட்டும்_திறப்பும்

ஒடியற்கூழ், குறை நினைக்கக் கூடாது, ஆனால் பிழை உங்களுடையதுதான். லைப்ரரியின் ஓபன்எஸ்எஸ்எல் மலொக்கில் எடுத்த மெமரியை சி மொழியின் வெறும் ஃப்ரீயால் விடுவித்திருக்கிறீர்கள். லினக்ஸில் இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்குப் போவதால் தெரியாது. விண்டோஸில் லைப்ரரி ஒரு சி ரன்ரைமோடும் உங்கள் புரோகிராம் இன்னொன்றோடும் கட்டப்பட்டிருந்தால் அங்கேயே விழும்.

என் கதை சின்னது. ஒரு வாடிக்கையாளரின் சேர்வர் கிராஷ் ஆகி விட்டுப்போன கோர் டம்பை (விழுந்த நேரத்து மெமரியின் பிரதி) மின்னஞ்சலில் எனக்கு அனுப்பினார்கள். எழுத்துகளை மட்டும் பொறுக்கிக் காட்டுகிற ஸ்ரிங்ஸ் போட்டுப் பார்த்தேன், கடவுச்சொல் மூன்றாவது திரையில் நின்றது. அழித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தேன். அவ்வளவுதான்.

இனி எல்லோருக்கும் சொல்கிறேன், கேளுங்கள். ஃப்ரீ பண்ணினால் மெமரி துடைபடாது. வாடகை வீட்டைக் காலி பண்ணுகிற ஆள் கூட்டிவிட்டுப் போகிறாரா என்ன? இரகசியம் இருந்த இடத்துக்கு ஓபன்எஸ்எஸ்எல் கிளியர் ஃப்ரீ, அளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெரிய எண் என்றால் பிஎன் ஃப்ரீ இல்லை, பிஎன் கிளியர் ஃப்ரீ. எடுத்த மெமரியின் அளவை மாற்றுகிற ரீஅலொக் இன்னும் மோசம், இடம் மாறும்போது பழைய பிரதி பழைய இடத்திலேயே கிடக்கும், அதற்குத்தான் கிளியர் ரீஅலொக் என்று தனியாக இருக்கிறது. மெம்செட்டால் நீங்களே துடைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு அந்த இடத்தை யாரும் வாசிக்கவில்லை என்று கண்டால் கொம்பைலர் அந்த வரியையே எடுத்துவிடும். ஓபன்எஸ்எஸ்எல் கிளென்ஸ் என்று ஒன்று வைத்திருப்பது அதனால்தான்.

மெமரி கொடுக்கிற அலொக்கேற்றரைச் சொந்தமாக மாட்ட ஆசைப்படுபவர்கள் கிரிப்டோ செட் மெம் ஃபங்ஷன்ஸை மெயினின் முதல் வரியில் கூப்பிடுங்கள். லைப்ரரி ஒரு தரம் மெமரி எடுத்துவிட்டால் பிறகு 0 திருப்பிவிட்டு ஒன்றும் செய்யாது. முக்கால்வாசிப் பேர் அந்த 0-வைப் பார்ப்பதே இல்லை.

2014-இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்ததற்கும் மெமரியைத் தானே பார்த்துக்கொள்கிற திமிர்தான் காரணம். 1.0.1-இலிருந்து 1.0.1எஃப் வரை, ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைற் வரை அள்ளிக் கொடுத்தது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மலொக்கில் பாதுகாப்புகள் இருந்தும், ஓபன்எஸ்எஸ்எல் விடுவித்த மெமரியைத் திரும்பப் பாவிக்கத் தனக்கென்று ஒரு ஃப்ரீலிஸ்ற் வைத்து அதைச் சுற்றிப் போனது. ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட் அப்போது வாய்விட்டுத் திட்டினார். கடைசியாக, மெமரிப் பிழைகளைக் காட்டுகிற வால்கிரைண்ட் போடுங்கள். அது சொல்கிற ஒவ்வொரு எச்சரிக்கையும் போகும்வரை திருத்துங்கள்.

ஒடியற்கூழ்

நான் ஓபன்எஸ்எஸ்எல் ஃப்ரீதான் போட்டேன். மேலே சுருக்கி எழுதியது என் பிழை. ஆனால் பொயின்ரர் நகர்ந்த கதையை நீங்கள் வாசிக்கவே இல்லைப் போலிருக்கிறது.

எனக்கு விளங்காத ஒன்று: கீயை ஏற்றியபோது லைப்ரரி தன் பக்கத்தைத் துடைக்காதா? அந்தப் பேஸ்64 எங்கிருந்து வந்தது?

கச்சேரியடி_வாசு

ஃபைல் பஃபர், தம்பி. கோப்பைத் திறக்கிற பயோ நியூ ஃபைல் உள்ளே சி லைப்ரரியின் ஃபைலைத்தான் திறக்கிறது. அது 4096 பைற் எடுத்து, உங்கள் கீக் கோப்பை முழுதாக அதற்குள் வாங்கி, மூடும்போது துடைக்காமல் விட்டுவிடும். ஓபன்எஸ்எஸ்எல் தன் பாத்திரத்தைக் கழுவினாலும் சி லைப்ரரியின் பாத்திரம் அப்படியே கிடக்கும். அடுத்து நீங்கள் 1187 கேட்டீர்கள். அந்தக் காலியான 4096-இலிருந்து முன்பகுதியை வெட்டித் தந்திருக்கும். கீயின் முன்பகுதியை உங்கள் சான்றிதழ் மூடிவிட்டது, வால் மட்டும் அடுத்தாற்போல் மிஞ்சியது. 2048 பிட் ஆர்எஸ்ஏ கீ பெம் என்ற எழுத்து வடிவில் ஏறக்குறைய 1700 எழுத்து வரும். 1187 போக மிச்சம்? நீங்கள் சொன்ன ஐந்நூறு.

பனங்காய்ப்பணியாரம்

நான் கம்பசில் கடைசி வருடம். அண்ணைமார் சிரிக்கக் கூடாது.

புரொஜெக்டில் கீ வைக்க செக்யூர் ஹீப் (இரகசியங்களுக்கென்று பூட்டி வைக்கிற மெமரி) போட்டேன். கிரிப்டோ செக்யூர் மலொக் இனிட், அளவு 1 மெகாபைற். அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும் என்று வாசித்திருந்ததால் அதில் கவனம். அந்த ஃபங்ஷன் திருப்புகிற எண்ணையும் திரையில் அச்சிட வைத்தேன், வைவாவில் கேட்டால் காட்டலாம் என்று. வீட்டில் என் லப்டொப்பில் 1 வந்தது.

வைவாவன்று ஆய்வுகூட மெஷினில் ஓட்டினேன். 2 வந்தது.

எனக்குச் சந்தோஷம்! 0 தோல்வி, 1 வெற்றி, அப்படியென்றால் 2 இன்னும் நல்ல வெற்றி என்று நினைத்தேன், உண்மையாக. சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "பிள்ளை, அந்த 2 என்ன?" என்று கேட்டார். நான் "எல்லாம் நன்றாக நடந்திருக்கிறது சேர்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "யூலிமிட் எல் அடியுங்கோ" என்றார். 64 வந்தது. அந்த அமைதி இருக்கிறதே, மின்விசிறிச் சத்தம் மட்டும்.

மெமரி கிடைத்தது, ஆனால் பாதுகாக்க முடியவில்லை என்பதுதான் 2. அந்த மெஷினின் பழைய லினக்ஸ் கேர்னலில் ஒரு புரோகிராம் பூட்டி வைக்கக்கூடிய மெமரி 64 கிலோபைற்தான். கேர்னல் 5.16-இலிருந்து 8 மெகாபைற் ஆக்கிவிட்டார்கள், அதனால் என் லப்டொப்பில் பிரச்சினை தெரியவில்லை. பூட்டாவிட்டால் கீ ஸ்வொப்புக்குப் போய் டிஸ்கில் எழுதப்படலாம். என் கோடு 0-வா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓடியது. இனிட்டையே மறந்திருந்தால் செக்யூர் மலொக் சத்தமில்லாமல் சாதாரண மலொக்காகவே வேலை செய்திருக்குமாம், அதையும் சேர்தான் சொன்னார்.

பி பிளஸ் கிடைத்தது. இப்போது யாராவது 'இரண்டு' என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பூட்டும்_திறப்பும்

தங்கச்சி, ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் சொல்லி லிமிட்ஸ் கோப்பில் மெம்லொக் வரியைக் கூட்டுங்கள். அல்லது ஹீப்பை 32 கிலோபைற் ஆக்குங்கள், நாலு கீக்கு 1 மெகாபைற் எதற்கு? லிப்சோடியம் என்ற இன்னொரு குறியாக்க லைப்ரரிக்கு மாறினால் இன்னும் நல்லது. சோடியம் மலொக் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் தொடமுடியாத பக்கம் ஒன்றை வைக்கும், ஒரு பைற் தாண்டினாலும் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். ஒடியற்கூழுக்கும் அதுதான் நல்லது.

கச்சேரியடி_வாசு

வைவா முடிந்து பி பிளஸும் எடுத்த பிள்ளைக்கு ஏன் லிமிட்ஸ் கோப்பு, பூட்டுத் தம்பி?

இரண்டு விஷயம். ஹார்ட்பிளீட்டுக்கு ஃப்ரீலிஸ்ற் காரணமில்லை. எதிர்ப்பக்கம் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதுதான் காரணம். ஃப்ரீலிஸ்ற் அதைப் பிடிபடாமல் மறைத்தது, அவ்வளவே. மற்றது, வால்கிரைண்ட் சொல்வதையெல்லாம் திருத்தச் சொன்னீர்கள். அதைக் கேட்டுத்தான் என் வயிறு ஒருக்கால் எரிந்தது.

2008. போரால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை பூட்டி இரண்டு வருடம். சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கப்பலில் வருகிற காலம். கொழும்பிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் பையில் டெபியன் எட்ச் என்ற லினக்ஸ் சீடி கொண்டுவந்தார், அதை நாங்கள் ஆறு மெஷினில் போட்டோம். தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் கீக்கள் எல்லாம் அதிலேயே உருவாக்கியவை. பெருமை தாங்கவில்லை.

நடந்தது என்ன? 2006-இல் டெபியன்காரர் ஒருவர் வால்கிரைண்ட் கத்துகிறது, நிரப்பாத மெமரியை வாசிக்கிறது என்று ஓபன்எஸ்எஸ்எல்லின் சீரற்ற எண் பகுதியில் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். ஒன்று போனால் பாதகமில்லை. மற்ற வரிதான் வெளியிலிருந்து வருகிற சீரின்மை எல்லாவற்றையும் உள்ளே கலக்கிற வரி. அதுவும் போனது. மிஞ்சியது புரோசஸ் எண் மட்டும், 32,767-க்குள் அடங்குகிற எண். அவ்வளவுதான் சாத்தியமான கீக்கள், யாரும் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் செய்து அடுக்கி வைக்கலாம். 2008 மே 13-இல் அறிவித்தார்கள்.

எங்களுக்குத் தெரியவந்தது கன நாள் கழித்து. டயல் அப்பில் பொதியை இறக்க ஒரு இரவு, இடையில் இரண்டு தரம் கரண்ட் போனது. எஸ்எஸ்எச் வல்ன்கீ என்று ஒரு கருவி கொடுத்திருந்தார்கள், கீக்களைப் பார்த்துச் சொல்லும். ஜெனரேற்றர் சத்தத்துக்குள் அடித்தேன். முதல் வரி 'கொம்ப்ரமைஸ்ட்'. இரண்டாவதும். ஆறும்.

ஊரெல்லாம் பூட்டிக் கிடந்தது. எங்கள் மெஷின் ஆறு மட்டும் திறந்து கிடந்திருக்கிறது.

பூட்டும்_திறப்பும்

வாசு அண்ணை, அந்த ஆள் வால்கிரைண்ட் சொன்னதைத் திருத்தவில்லை, வாயை அடைத்தார். இரண்டும் ஒன்றா? ஃப்ரீலிஸ்ற் விஷயம் ஒப்புக்கொள்கிறேன்.

முட்டாசுக்காரன்

மெம்செட் கதை உண்மைதான். புரோகிராமின் மெமரியை உள்ளே பார்க்கிற ஜிடிபியில் எனக்கு நடந்தது. டிபக்கில் கட்டினால் துடைத்திருக்கிறது. கோட்டை வேகமாக்குகிற ஓ2 போட்டுக் கட்டினால் கடவுச்சொல் ஸ்ராக்கில் அப்படியே நிற்கிறது. அது மனைவியின் பிறந்தநாள். அவ பின்னால் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தா. இதற்குத்தான் கேட்டீர்களா என் பிறந்தநாளை என்றா. அதற்குப் பிறகு நான் அந்தக் கோட்டைத் திறக்கவே இல்லை.

ஒடியற்கூழ்

வாசு அண்ணை, நன்றி. கீ ஏற்றிய வரியை வேறு இடத்துக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தேன், கோப்பில் வெறும் பூச்சியங்கள் வந்தன. நீங்கள் சொன்னதேதான்.

புதுக் கீ எடுத்தாயிற்று, பழைய சான்றிதழைத் திரும்பப் பெறச் சொல்லியும் எழுதியாயிற்று. கூட்டாளி அந்தக் கோப்பை அழித்துவிட்டேன் என்கிறான். ஆனால் அவன் போனில் வட்ஸ்அப் கோப்புகள் தன்பாட்டில் பக்கப் செய்யப்படும், அந்தப் பக்கப்பைத் திறக்கிற கடவுச்சொல் அவனுக்கே மறந்துபோய்விட்டது.

தேரடிக்கச்சான்

அண்ணை, அந்தப் புரோகிராமில் கடைசியில் எக்ஸ்509 ஃப்ரீ போட்டீர்களா?

ஒடியற்கூழ்

இல்லை. பொறுங்கள்.