பர்ஸ்ட் மோடு: வெடிப்பா, சரமா?

> கேமரா ஆப் மெனுவைத் தமிழாக்குகையில், பட்டனை அமுக்கிப் பிடித்தால் படங்களைத் தொடர்ந்து எடுத்துத் தள்ளும் பர்ஸ்ட் மோடு (burst mode) என்பதற்கு ‘வெடிப்புப் பயன்முறை’ எனலாமே?

ஐயா மன்னிக்கணும், வெடிப்புன்னதும் எனக்கு பித்தவெடிப்புதான் ஞாபகம் வருது. கேமரா ஆப் மெனுவுல அத எப்படி போடுறது?

போன ஞாயிறு பொண்ணோட ஃபுட்பால் மேட்ச். பக்கத்துக்கு ஏழு பேர்னு பேரு, ஆனா கோல்கீப்பர விட்டா அத்தன பேரும் பந்த ஈ மாதிரி மொய்க்குதுங்க. நின்னு எடுத்தா உச்சந்தலைதான் விழும்னு கோட்டுக்கு வெளிய முட்டி போட்டு, ஷட்டர் திறந்திருக்குற நேரத்த 1/1000 விநாடில வச்சு, விநாடிக்கு 10 படம்னு அமுக்கிக்கிட்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா ஒண்ணுல கால் பின்னாடி இருக்கு, அடுத்ததுல பந்தே ஃப்ரேம்ல இல்ல. கால் பந்துல படுறது விநாடில நூத்துல ஒரு பங்குதான், ரெண்டு படத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளியோ பத்துல ஒரு பங்கு, அதுல உதை நழுவிப் போறதுல ஆச்சரியமே இல்ல. கால் பின்னாடி போகும்போதே அமுக்க ஆரம்பிச்சு நிறைய உதைய எடுத்தாத்தான் ஒண்ணாவது மாட்டும். ஷட்டர் 1/125ல இருந்தா இவ்வளவும் வீண், பத்தும் கலங்கிப்போயிருக்கும்.

அப்பதான் ‘சரம்’ தோணுச்சு. பூச்சரம், சரவெடி (நீங்க கேட்ட வெடியும் உள்ளயே இருக்கு!). ரா ஃபைலா (கேமரா பதப்படுத்தாத பெரிய ஃபைல்) எடுத்துக்கிட்டே போனா பஃபர்ங்கற தற்காலிக மெமரி நிறைஞ்சு கேமரா திக்குமே, அத ‘சரம் அறுந்துபோச்சு’ன்னு சொல்லிடலாம். 20 படத்துல ஒண்ண பொறுக்குறது சரத்துலேந்து ஒரு பூவ கிள்ளுற மாதிரி. ஒரு சொல்லுலேந்து இவ்வளவு கிளைச்சா அது நிக்கும்ங்கறது என் கட்சி. என் ஓட்டு ‘சரச்சொடுக்கு’க்கு.

———

தம்பி, சரம் அருமை, வெடிப்ப நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சொடுக்குன்னா எல்லாருக்கும் மவுஸ்தான், அதோட ‘சரச்சொ’ன்னு சொல்றப்ப பல்லு கூசுது. படப்பிடிப்பு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதே தடத்துல ‘சரப்பிடிப்பு’ன்னா என்ன?

———

சரிங்கய்யா, மெனுவுல சரப்பிடிப்புன்னே ஏத்திடறேன். பிடிப்பு எனக்கும் ரொம்பப் பொருத்தம், ஒரு மணி நேரம் முட்டி போட்டதுல இடுப்புல பிடிச்சது இன்னும் விடல. அடுத்து ‘ஷட்டர் லேக்’ நிக்குது (பட்டன அமுக்கினதுக்கும் படம் விழுறதுக்கும் நடுவுல ஆகுற தாமதம்), அதுக்கு யாராவது ‘மூடி தாமதம்’னு ஆரம்பிக்காதீங்க, டிபன் பாக்ஸ் ஞாபகம் வரும்.