மாநகரசபைப் பட்டியலில் துளசியின் பெயர்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

துளசி (ஒஸ்லோ): எல்லோருக்கும் வணக்கம். 2027 செப்ரெம்பரில் வரவிருக்கும் ஒஸ்லோ மாநகரசபைத் தேர்தலுக்கு என் பெயரை வேட்பாளர் பட்டியலில் சேர்க்கலாமா என்று தொழிற்கட்சியின் எங்கள் பகுதிக் கிளையினர் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டோடுதான் இருக்கிறேன். பாலர் பாடசாலையில் வேலை செய்யும் எனக்கு மேடையில் பேசிய பழக்கமும் இல்லை. மறுமொழி சொல்வதற்கு முன் உங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

பெரியப்பா (கொக்குவில்): மிகவும் பெருமையாக இருக்கிறது பிள்ளை. ஆனால் குடியுரிமை இல்லாத ஒருவர் தேர்தலில் நிற்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறதா? கம்சாயினி குணரத்தினம் 2021இல் நோர்வேப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். அவர் மூன்று வயதில் போய் அங்கேயே படித்து வளர்ந்தவர். நீயோ திருமணமாகிப் போனவள்.

மாமி (ஒஸ்லோ): அண்ணா, சட்டம் இடம் கொடுக்கிறது. பாராளுமன்றத் தேர்தலுக்குத்தான் குடியுரிமை கட்டாயம். உள்ளூராட்சித் தேர்தலில், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நோர்வேயில் பதிவு பெற்று வாழ்ந்த வெளிநாட்டவர் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம்; 1983ஆம் ஆண்டிலிருந்தே இப்படித்தான். குடியுரிமை எடுப்பதென்றாலும், 2020 முதல் பழைய குடியுரிமையை விட வேண்டும் என்ற நிபந்தனையை நோர்வே நீக்கிவிட்டது.

கம்சாயினியைப் பற்றி நாங்கள் பேசும்போது பாராளுமன்றத்தை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு முந்திய பதினான்கு ஆண்டுகளை விட்டுவிடுகிறோம். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், 2007இல், பத்தொன்பது வயதில், 59 உறுப்பினர்கள் கொண்ட இதே மாநகரசபைக்குள் போனவர். 2015இல் ஒஸ்லோவின் துணை மாநகர முதல்வரானார். பாராளுமன்றம் அதற்குப் பிறகுதான். துளசியிடம் இப்போது கேட்கப்படுவதும் அவர் தொடங்கிய அதே இடம்தான், ஆகவே திருமணமாகி வந்தவள் என்பதைக் காட்டி அவளைப் பின்வாங்கச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

செந்தூரன் (ரொறன்ரோ): மாமி சொல்வது முக்கியமானது. கனடாவில் நகரசபைத் தேர்தலில் வாக்களிப்பதற்கே குடியுரிமை வேண்டும். இங்கே முதலாவது தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினராக 2011இல் ஸ்காபரோவில் வென்ற ராதிகா சிற்சபைஈசனும் ஐந்து வயதில் வந்து வளர்ந்தவர். வளர்ந்த பிறகு வந்த பெண்களுக்கு இப்படி ஒரு வாசல் திறந்திருப்பது எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை, தங்கச்சி.

பெரியப்பா: நான் பயப்படுவதற்கு வேறு காரணமும் உண்டு. 2011 ஜூலை 22ஆம் திகதி உத்தோயாத் தீவில் என்ன நடந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. இதே தொழிற்கட்சியின் இளைஞர் முகாமுக்குப் போன பிள்ளைகளைத்தானே அந்தக் கொலைகாரன் சுட்டான்?

மாமி: ஆம் அண்ணா, அந்தத் தீவில் மட்டும் 69 பேர் இறந்தார்கள். கம்சாயினியும் அங்கே இருந்தார். குளிர்ந்த ஏரியில் குதித்து நீந்தித் தப்பியவர்களில் அவரும் ஒருவர். குடியேறியவர்களை வரவேற்ற கட்சி என்பதற்காகவே அந்தப் பிள்ளைகள் குறிவைக்கப்பட்டார்கள். ஏழு வாரங்கள் கழித்து உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அவர் விலகிப் போகவில்லை, மாநகரசபையிலேயே தொடர்ந்தார். உங்கள் பயம் நியாயமானது, எனக்கும் அது இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தால் எங்கள் பெண்கள் ஒதுங்கினால், அவன் நினைத்தது நடந்ததாகிவிடும்.

துளசி: மாமி, எனக்கு உறுத்துவது இன்னொன்று. தமிழ் வாக்குகளைச் சேர்ப்பதற்காக மட்டும் என் பெயரைக் கேட்கிறார்களோ என்று தோன்றுகிறது.

மாமி: அதை அவர்களிடமே நேராகக் கேள். நீ எத்தனையாவது இடத்தில் இருப்பாய் என்பதுதான் கேள்வி. பட்டியலின் தலைப்பகுதியில் சிலரின் பெயரைக் கட்சி தடித்த எழுத்தில் அச்சிடும். அவர்களுக்குக் கட்சி பெற்ற வாக்குகளில் 25 வீதத்துக்குச் சமமான மேலதிக வாக்குகள் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். கீழே இருப்பவர் மேலே வர வேண்டுமானால் மக்கள்தான் தூக்கிவிட வேண்டும்: வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும், அதில் அடையாளமிட்டால் அந்த வேட்பாளருக்கு ஒரு தனிவாக்கு. வேறு கட்சிக்கு வாக்களிப்பவர்கூட அந்தச் சீட்டில் உன் பெயரை எழுதிச் சேர்க்கலாம். எங்கள் சனத்தில் பலர் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. பாராளுமன்றத் தேர்தலில் இந்த அடையாளத்துக்கு நடைமுறையில் பயனில்லை, மாநகரசபையில் பெரும் பயன் உண்டு.

இன்னொன்று, நீ தமிழருக்காக மட்டும் நிற்கிறாய் என்று யாரும் நினைக்க இடம் கொடுக்காதே. பாலர் பாடசாலையில் ஒருவர் சுகவீன விடுப்பில் போனால் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது மாநகரசபை மண்டபத்தில் இருக்கும் பலரைவிட உனக்குத் தெரியும்.

பெரியப்பா: மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?

துளசி: மாலைக் கூட்டங்கள் உள்ள நாட்களில் பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், பெரியப்பா. திங்கட்கிழமை வேட்பாளர் தெரிவுக்குழுவுக்குத் தொலைபேசி எடுத்து, எத்தனையாவது இடம் என்று கேட்கப் போகிறேன். முதல் இருபதுக்குள் தருவார்களானால் ஒப்புக்கொள்வேன்.

மாமி: கேட்கும்போது கல்விக் குழுவில் வேலை செய்ய விரும்புகிறாய் என்பதையும் சேர்த்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, பேச வேண்டியதை நோர்வே மொழியில் இருவரும் இருந்து எழுதுவோம்.