தசையைக் குழப்பினால்தான் வளருமா? பயிற்சியை மாற்றி மாற்றிச் செய்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தாம்வே தம்பி:

ரங்கூன் தாம்வேயில் இருக்கிறேன், வயது 31. 2022 ஆகஸ்டில் ஜிம்மில் சேர்ந்தேன். முதல் ஒன்றரை வருஷம் எப்படி வீணாய்ப் போனது என்று எழுதுகிறேன். இப்போது அதே வழியில் போகிறவர்கள் யாராவது படித்தால் நல்லது.

எங்களுக்குச் சொல்லித்தந்த சயா (பர்மிய மொழியில் ஆசிரியர்), "உடம்பு பழகிப்போனா வளராது, தசையைக் குழப்பிக்கிட்டே இருக்கணும்" என்பார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எல்லாம் மாறும். மல்லாந்து படுத்து எடை தூக்கும் பெஞ்ச் பிரஸ் போய் டம்பெல் வரும், டம்பெல் போய் கேபிள் வரும், பிறகு தண்டால். மாற்றிய முதல் வாரம் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். எங்கள் வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கால் பயிற்சிக்கு மறுநாள் காலையில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்குவேன். வலிக்கிறதே, அப்போது வளர்கிறது என்று முழுசாக நம்பினேன்.

திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் பழைய நோட்டைப் புரட்டினேன். 2022 செப்டம்பர் பக்கத்தில் "பெஞ்ச் 50 கிலோ, 8" என்று இருந்தது, அதாவது எட்டுத் தடவை. 2024 பிப்ரவரி பக்கத்தில் "பெஞ்ச் 52.5 கிலோ, 7". வியர்வை பட்டு மை பரவிய அந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. இடையில் பெஞ்ச் ஆறு தடவை வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 45 கிலோவில் ஆரம்பித்து, 50-ஐத் தொடும்போது அதை விட்டுவிட்டிருக்கிறேன்.

புதுப் பயிற்சியில் முதல் சில வாரம் எடை மளமளவென்று ஏறுவது பெரும்பாலும் தசை வளர்ந்ததால் இல்லை, அந்த அசைவை நரம்பு கற்றுக்கொள்வதால். கற்று முடித்து, இனி தசைக்கு உண்மையான பாரம் கொடுக்கலாம் என்ற இடத்தில் நான் வேறு அசைவுக்குத் தாவினேன். ஒன்றரை வருஷமும் அரிச்சுவடி மட்டுமே படித்திருக்கிறேன்.

பிறகு நாலு பயிற்சிகளைப் பிடித்துக்கொண்டேன்: ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச், ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), தோளுக்கு மேலே தூக்கும் பிரஸ். மூன்று செட் (சுற்று), ஒவ்வொன்றிலும் 8-இலிருந்து 12 ரெப் (தடவை). மூன்று செட்டிலும் 12 வந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூடுதல். ஒரு வருஷத்தில் பெஞ்ச் 70 கிலோ. உங்களுக்கு எப்படி?

மோல்மீன் அக்கா:

தம்பி, நீ நோட்டில் கண்டதை ஆராய்ச்சியும் சொல்கிறது. 2019-இல் வந்த ஒரு ஆய்வில், ஏற்கெனவே பயிற்சியில் இருந்த இளைஞர்களுக்கு ஒரு காலுக்கு எப்போதும் ஒரே மாதிரி பயிற்சி, மறு காலுக்கு எடை, செட், இடைவேளை என்று மாற்றி மாற்றி. எட்டு வாரம் கழித்து இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்திருந்தது. ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம்தான் பெரிது. 2022-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்த உழைப்பு சமமாக இருந்தால், காலமுறைப்படி, அதாவது முன்கூட்டியே திட்டமிட்டு, மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் தசை வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒரே தூக்கில் தூக்கும் அதிகபட்ச எடையில், காலமுறைப்படி மாற்றியவர்களுக்குக் கொஞ்சம் சாதகம். பலம் வேண்டுமா, பருமன் வேண்டுமா என்பதைப் பிரித்துக் கேட்கணும்.

வலியை அளவுகோலாக வைக்காதே. பழக்கமில்லாத பயிற்சியின் ஆரம்ப வாரங்களில் உடம்பு கட்டும் புரதத்தில் நிறையப் பங்கு சேதத்தைச் சரிசெய்யவே போய்விடும்.

ஆனால் எனக்கு அலுப்பு பெரிய பிரச்சினை. ஸ்கூல் முடிந்து வந்து, எடையை நெஞ்சோடு பிடித்துச் செய்யும் அதே கோப்ளெட் ஸ்குவாட்டை நூறாவது தடவை செய்ய மனசு வராது. அதனால் பெரிய பயிற்சிகளைத் தொடாமல், கை, தோள் போன்ற சின்னப் பயிற்சிகளை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். இந்த மாற்றம் தசைக்காக இல்லை, என்னை மறுபடி ஜிம்முக்கு வரவைக்க.

பெகு அண்ணன்:

தம்பி சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். எனக்கு ஒரு மாற்றம் நிஜமாகவே பலன் தந்தது.

தொடையின் பின்பக்கம் எனக்கு வருஷக்கணக்கில் தட்டை. குப்புறப் படுத்து முழங்காலை மடக்கும் லெக் கர்ல்தான் எப்போதும் செய்வேன், எடையும் ஏற்றினேன். பிறகு ஜப்பானில் நடந்த ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன், 2021-இல் வந்தது. ஒரு கால் உட்கார்ந்து, ஒரு கால் குப்புறப் படுத்து, 12 வாரம். உட்கார்ந்து செய்த பக்கம் 14 சதவீதம் வளர்ந்தது, மறுபக்கம் 9 சதவீதம். அந்தத் தசைகளில் பெரும்பாலானவை இடுப்பையும் தாண்டிப் போகின்றன. உட்காரும்போது இழுபட்ட நிலையில் வேலை செய்கின்றன. உட்கார்ந்து செய்ய ஆரம்பித்து ஆறு மாதத்தில் பழைய பேண்ட் தொடையில் இறுக ஆரம்பித்தது.

ஸ்குவாட்டும் அப்படித்தான். தொடையின் முன்பக்கம் நடுவில் ஓடும் தசை ஸ்குவாட்டில் அவ்வளவாக வளராது. அதற்கு உட்கார்ந்து முழங்காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் வேணும். ஆகவே நாலு பயிற்சியோடு நிறுத்தாதே, தம்பி. எந்தத் தசை விட்டுப்போகிறது என்று பார்த்துச் சேர். சேர்த்ததை ஆறு மாதமாவது விடாதே.

பசுண்டாங் பெரியவர்:

எனக்கு 62. எங்க அப்பா கோயில் பின்னால கர்லாக்கட்டை சுத்துவார், சாகிற வரைக்கும் அதே கட்டைதான். நான் விரும்பி எதையும் மாத்தல, கரண்ட் மாத்திடுச்சு. மாலையில கரண்ட் போனா ஃபேன் இல்லாம ஜிம்முல நிக்க முடியல. வீட்டு மாடியில தண்ணி கேன் தூக்கினேன், எடை கம்மி. ஆனா இன்னும் ரெண்டு ரெப்புக்கு மேல முடியாதுங்கிற வரைக்கும் செஞ்சா உடம்பு குறையல. முட்டி வலிச்ச நாள்ல பஸ்கியை நிறுத்தி வேற போட்டேன். வலிக்காக மாத்துறது தப்பில்ல, தம்பி.

தாம்வே தம்பி:

பெரியவர் சொன்னதைப் படித்தபோது எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. நன்றி ஐயா.

பெகு அண்ணே, சரிதான். எங்கள் ஜிம்மில் உட்கார்ந்து செய்யும் கர்ல் மெஷின் இல்லை. அதனால் பின்தொடை இழுபடுகிற மாதிரி, இடுப்பை மடித்து எடையை இறக்கி ஏற்றும் ருமேனியன் டெட்லிஃப்ட்டைச் சேர்க்கிறேன். நேற்று வெறும் 40 கிலோவில் ஆரம்பித்தேன், மூன்று செட், பத்துப் பத்து. நோட்டில் அதற்கென்று புதுப் பக்கம் போட்டிருக்கிறேன். அடுத்த திஞ்சானுக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.