தவளையா, கவையா, மூக்கா?

வணக்கம்.

சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வீட்டில் மாதிரி ரயில் பாதை கட்டும் பயிற்சி. கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போகணும். 'ஃப்ராக்' (frog) என்ற பாகத்துக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் அந்த இடத்திலேயே நிற்கிறேன். எங்கள் எஞ்சினும் அங்கேதான் நிற்கிறது.

பாயின்ட்டில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், நேர்ப்பாதையின் உள்பக்கத் தண்டவாளமும் கிளைப்பாதையின் உள்பக்கத் தண்டவாளமும் வந்து சேரும் ஈட்டி போன்ற முனை அது. எஞ்சினுக்குக் கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது: ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். பாயின்ட்டை மாற்றும்போது முனைக்குப் போகும் கரண்டையும் மாற்றணும், இல்லையென்றால் ஷார்ட். முனையைப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டால் ஷார்ட் இல்லை, ஆனால் நாலு சக்கர எஞ்சின் அதன்மேல் வந்ததும் செத்துப்போகிறது. விரலால் தள்ளணும்.

'தவளை' என்று போட்டால் வகுப்பு முழுக்கச் சிரிக்கும். உதவுங்கள்.
– ந.

---

ந. ஐயா, தவளை என்பதே தப்பான திசை. குதிரைக் குளம்பின் அடியில் இருக்கும் முக்கோணச் சதைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அந்த வடிவைப் பார்த்து வைத்தது என்பார்கள். நமக்குக் குளம்பும் வேண்டாம், 'கவை' இருக்கிறது. மரக்கிளை பிரிவது கவை, நண்டு 'கவைத்தாள் அலவன்'. குறுந்தொகையில் 'கவைமக நஞ்சுண் டாஅங்கு' என்று இரட்டைப் பிள்ளைக்கு வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நஞ்சு உண்டால் தாய் எதைக் காப்பாள்? உங்கள் ஷார்ட்டும் அதேதான்! கவைமுனை. ஒற்று மிகுமா என்ற தொல்லையும் இல்லை.
– மா.

---

ஷார்ட்டுக்குக் குறுந்தொகையா! நான் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு அது கிராசிங். பாதை பிரியும் சாய்வுக்கு 1-க்கு 12, 1-க்கு 8½ என்று கணக்கு. அதன் முனை 'நோஸ்'. எங்கள் ஆட்கள் மூக்கு என்பார்கள். அசைகிற தண்டவாளம் 'டங் ரயில்'. நாக்கு ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்தில் மூக்கு இருந்தால் என்ன குறை?
– செ.

---

சொல்லுக்கு முன் அளவைப் பாருங்கள். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கான 1:87 மாதிரிக்கு எல்லோரும் வாங்குவது 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம். அது நிஜத்தில் 1,435 மி.மீ. இடைவெளியுள்ள பாதைக்குத்தான் சரி. நம் அகலப்பாதை 1,676. கணக்குப்படி 19.26 வரணும். நம்மூர் எஞ்சினைச் செய்து அதில் வைத்தால் பெரியப்பா குழந்தை நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.
– வே.

---

வே., அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

செ. ஐயா 'பாயின்ட்' என்பதை அப்படியே விட்டுவிட்டாரே! பழந்தமிழில் கிளைவழிக்குப் பெயர் 'கவலை'. வழி தெரியாதவர்களுக்கு மலைபடுகடாம் சொல்வது: 'சந்து நீவிப் புல்முடிந் திடுமின்'. பின்னால் வருகிறவன் தவறான வழியில் போகாமலிருக்க, சந்தியில் புல்லை முடிந்து அடையாளம் வை! பாயின்ட்டை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் வேலை வேறென்ன?
– மா.

---

'கவலைக்கு வயரிங் செய்வது எப்படி' என்று அச்சிட்டால் பெற்றோர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.
– ந.

---

யாழ்ப்பாணத்திலயிருந்து: ரயிலுக்குப் புகையிரதமா தொடருந்தா எண்டு நாங்களே இன்னும் முடிக்கேல்ல. கவைமுனை வடிவான சொல்லுத்தான். ஆனா பிள்ளையளுக்கு மூக்கு காணும்.
– த.

---

மூக்குக்கு நாலு பேர், கவைமுனைக்கு இரண்டு பேர், வே. இன்னும் 19.26-இல் இருக்கிறார். மணி பதினொன்றரை. 'கரண்ட் மூக்கு', 'பிளாஸ்டிக் மூக்கு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். கவைமுனை சொற்பட்டியலில் இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.
– ந.

---

மூக்கு முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது. இது பாதைக்கு நடுவில் கிடப்பது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அது இருக்கட்டும், 'ஷார்ட்'டைக் கையேட்டில் எப்படி எழுதியிருக்கிறீர்கள்? குறுக்குச்சுற்றா, குறுஞ்சுற்றா?
– மா.