ஈடிபஸ் விழுந்தது ஆணவத்தாலா, விதியாலா?

தங்கச்சிமடம் மாணவி:

ராமநாதபுரத்தில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிஸின் 'ஈடிபஸ் அரசன்' பாடம். நோட்ஸில் ஒரே வரிதான் இருக்கிறது: ஈடிபஸ் ஆணவத்தால் அழிந்தான். 15 மதிப்பெண் கேள்விக்கு அந்த ஒரு வரியைத்தான் இழுத்து இழுத்து எழுத வேண்டும்.

வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கதையைச் சொன்னேன். பெற்ற தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று டெல்பியில் குறி சொல்கிறார்கள். அது நடக்கவே கூடாது என்று அவன் கொரிந்துக்குத் திரும்பாமல் வேறு திசையில் போகிறான். மூன்று பாதை கூடும் இடத்தில் சண்டை வந்து ஒரு கிழவரைக் கொல்கிறான். கொரிந்தில் இருந்தவர்கள் வளர்த்தவர்கள்தான், பெற்ற அப்பா அந்தக் கிழவர் என்பது அவனுக்குத் தெரியாது. அப்பா கேட்டார்: "தாய் தகப்பனுக்குக் கேடு வரக்கூடாதுன்னு ஊரை விட்டவனுக்கு எங்க தாயி ஆணவம்?"

எனக்குப் பதில் வரவில்லை. எல்லாம் முன்னாலேயே எழுதியாகிவிட்டது என்றால் அவன் செய்த தப்பு என்ன? தப்பே இல்லை என்றால் அது வெறும் விபத்துதானே?

வேதாளைக்காரர்:

விதிதான் தங்கச்சி. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரில் ஏறியவர்கள் என்ன ஆணவம் பண்ணினார்கள்? ரயிலும் போனது, ஊரும் போனது. ஈடிபஸ் கதையும் அதுதான். ஆனால் பரீட்சையில் ஆணவம் என்றே எழுதிவிடு. இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் எதற்கு வம்பு?

தொண்டி வாத்தியார் (ஓய்வு):

அண்ணாச்சி சொன்ன ரயிலில் இருந்தே வருகிறேன். அதில் போனவர்கள் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சாவுக்கு நாம் அழுவோம். ஆனால் கிரேக்கர்கள் மேடை ஏற்றியது அந்த மாதிரிச் சாவை அல்ல.

நாடகத்தைத் திறந்து பாரும்மா. முதல் காட்சி தொடங்கும்போதே கொலை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. குறி பலித்தாயிற்று. நாம் பார்ப்பது அதற்கப்புறம் வரும் ஒரே ஒரு நாளை. அந்த நாளில் எந்தத் தெய்வமும் வந்து அவனைப் பிடித்துத் தள்ளவில்லை. அவன் அரசாளும் தீப்ஸில் கொள்ளைநோய். மைத்துனன் கிரயானை டெல்பிக்கு அனுப்பியது அவன். லாயஸைக் (பாதையில் செத்த அந்தக் கிழவர்தான்) கொன்றவனுக்கு ஊர் முன்னால் சாபம் போடுவது அவன். கண் தெரியாத குறிகாரர் டைரீசியஸ், என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று கெஞ்சுகிறார், விடுவதில்லை. அவனைப் பெற்றவளும் இப்போது மனைவியுமான ஜொகாஸ்டாவுக்கு விஷயம் உறைத்துவிடுகிறது, இதற்கு மேல் கேட்காதே என்று கும்பிடாத குறையாகச் சொல்கிறாள், கேட்பதில்லை. கடைசியில் ஒரு கிழட்டு இடையன் வாயைத் திறக்க மறுக்கிறான். அவன் கையைப் பின்னால் முறுக்கச் சொல்லி உண்மையைக் கறக்கிறான். எந்த இடத்திலும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்படி நிறுத்துகிற ஆளாக இருந்தால் ஊரை வதைத்த ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையையும் அவிழ்த்திருக்க மாட்டான், அந்த ஊரும் பிழைத்திருக்காது. அவனை உயர்த்திய குணமே அவனை உடைக்கிறது. எனக்கு அந்த நாடகத்தில் பிடித்ததே இதுதான்.

ஆணவம் துளியும் இல்லை என்று சொல்ல மாட்டேன். டைரீசியஸும் கிரயானும் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்று பாய்கிறானே, அது அகந்தை இல்லாமல் என்ன? ஆனால் அதனால்தான் அழிந்தான் என்றால் கணக்கு உதைக்கிறது. கொலை அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்தது. அங்கேயும் வழியை விட்டு அவனைத் தள்ளப் பார்த்தது எதிரே வந்தவர்கள். கோபத்தில் தேரோட்டியை அடித்தான், தேரில் இருந்த கிழவர் தார்க்குச்சியால் அவன் தலையில் போட்டார். முன்கோபம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

உன் அப்பாவின் கேள்விக்கு சோபக்ளிஸே ஒரு பதில் வைத்திருக்கிறார். கண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறவனைப் பார்த்து, எந்தத் தெய்வம் உன்னைத் தூண்டியது என்று பாடகர் குழு கேட்கிறது. இந்தத் துன்பத்தைக் கொண்டுவந்தது அப்பல்லோ, ஆனால் கண்ணைக் குத்தியது என் கைதான், வேறு யாருடையதும் அல்ல என்கிறான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான், ஒன்றைச் சாக்காக வைத்து இன்னொன்றிலிருந்து நழுவவில்லை. பின்னால் 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில் கிழவனாகி வந்து, தெரியாமல் செய்தேன், என்னை அடித்தார்கள் திருப்பி அடித்தேன், நான் குற்றவாளி அல்ல என்று வாதாடவும் செய்கிறான். சோபக்ளிஸ் இறந்த பிறகு கி.மு. 401இல் மேடை ஏறிய நாடகம் அது.

பரீட்சைக்கு அரிஸ்டாட்டில் வேண்டுமே. 'கவிதையியல்' நூலில் அவர் கேட்பது ரொம்ப நல்லவனும் அல்ல, கெட்டவனும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற, பெயரும் செல்வாக்கும் உள்ள ஒருவன் ஏதோ ஒரு பிழையால் விழ வேண்டும். ஈடிபஸைத்தான் உதாரணம் காட்டுகிறார். அந்தப் பிழை ஆணவம்தான் என்று அவர் சொல்லவே இல்லை. அது பின்னால் வந்த நோட்ஸ்காரர்கள் ஒட்டியது.

முடிவு தெரிந்த கதையை எதற்குப் பார்த்தார்கள் என்று அடுத்துக் கேட்பாய். நம் பக்கம் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் போடுகிறார்களே, அரிச்சந்திர மயான காண்டம். செத்த மகனைச் சந்திரமதி தூக்கி வருவாள், அரிச்சந்திரன் சுடுகாட்டுக் கூலி கேட்பான். முடிவு தெரியாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் உண்டா? ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஏதென்ஸில் டயோனிசஸ் திருவிழாவிலும் அப்படித்தான், பகல் வெளிச்சத்தில். ஈடிபஸ் யார் என்பது ஈடிபஸைத் தவிர எல்லாருக்கும் தெரியும். (நம் பபூன் மாதிரி ஆள் கிடையாதா என்றால், மூன்று சோக நாடகம் முடிந்ததும் ஒரு கேலி நாடகம் போடுவார்கள்.)

பாம்பன் வடகடல்:

வாத்தியார் அளவுக்குப் படித்தவன் இல்லை. சோபக்ளிஸின் 'ஆன்டிகனி' மட்டும் படித்திருக்கிறேன். அதில் அரசனாகிவிட்ட கிரயான், ஈடிபஸின் மகள் ஆன்டிகனியை உயிரோடு குகையில் அடைக்கச் சொல்கிறான். செத்த அண்ணனை அவன் தடையை மீறிப் புதைத்தாள் என்பதற்காக. அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ஹீமன் இவன் மகன்தான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கிற மரம் தப்பும், பாய்க் கயிற்றை இறுக்கிப் பிடித்துக் கொஞ்சமும் இளக்காதவன் படகைக் கவிழ்த்துவிடுவான் என்று அப்பனிடம் சொல்கிறான். இதை எழுதியவர் படகில் போயிருக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தாத்தா பாய் வள்ளம் ஓட்டியவர். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கட்டிப் போட விடமாட்டார், கையில்தான் வைத்திருக்க வேண்டும். காற்று திடீரென்று அடித்தால் அந்த நொடியே இளக்கணும். யோசித்து இளக்கினால் வள்ளம் சாய்ந்திருக்கும்.

கிரயானும் கடைசியில் இளக்குகிறான். முதலில் பெண்ணை விடு, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இவன் பிணத்தை முதலில் பார்க்கிறான், அப்புறம் குகைக்குப் போகிறான். அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். மகன் வாளைத் தன் மேலேயே பாய்ச்சிக்கொள்கிறான், சேதி கேட்டு மனைவியும் போகிறாள். இதில் விதி எங்கே வந்தது?

தங்கச்சிமடம் மாணவி:

ரொம்ப நன்றி. நேரடியாகவே ஆணவம் என்று காரணம் சொல்லும் நாடகம் ஏதாவது உண்டா? இரண்டையும் ஒப்பிட்டு எழுதலாம் என்று பார்க்கிறேன்.

தொண்டி வாத்தியார் (ஓய்வு):

சோபக்ளிஸிடமே இருக்கிறது, 'ஏஜாக்ஸ்'. டிராய் போருக்குக் கிளம்பும்போது ஏஜாக்ஸிடம் அப்பா சொல்கிறார், ஜெயித்து வா, ஆனால் தெய்வத் துணையோடு ஜெயி. தெய்வம் துணை நின்றால் ஒன்றுக்கும் ஆகாதவன்கூட ஜெயிப்பான், எனக்கு அது வேண்டாம் என்கிறான் மகன். களத்தில் ஏதெனா என்ற தெய்வமே பக்கத்தில் வந்தபோதும், மற்றவர்களிடம் போய் நில், நான் நிற்கிற இடம் உடையாது என்று அனுப்பிவிடுகிறான். அவள் கோபத்துக்கு இதுதான் காரணம் என்று நாடகத்திலேயே வருகிறது. இன்னொன்றும் வருகிறது: அந்தக் கோபம் இன்று ஒரு நாள் மட்டும்தான், இன்றைக்கு அவனைக் கூடாரத்தை விட்டு வெளியே விடாதீர்கள் என்று குறிகாரர் சொல்லி அனுப்புகிறார். ஆள் ஓடி வந்து சேர்வதற்குள் அவன் கிளம்பிவிட்டான். எதிரி வீரன் ஹெக்டர் கொடுத்த வாளை மண்ணில் நட்டு அதன்மேல் விழுகிறான்.

வேதாளைக்காரர்:

ஒரு நாள்தான் கண்டம் என்று வைத்ததே தெய்வம்தானே வாத்தியாரே? நான் சொன்னதற்குத்தானே வருகிறீர்கள்?

தொண்டி வாத்தியார் (ஓய்வு):

நாளை வைத்தது ஏதெனா, சரி. ஆனால் சாகப் போவதில்லை என்று நம்பும்படி மனைவியிடமும் ஆட்களிடமும் நயமாகப் பேசிவிட்டு வெளியே போனது யார்? அந்தப் பேச்சைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.