மருதாணிக் கறையைத் தோல் புண்ணாகாமல் இறக்குவது: கைகண்ட அனுபவங்கள்

மணப்பெண் அலங்காரக் கலைஞர், மதுரை

"திங்கட்கிழமை வேலைக்குப் போகணும், மருதாணியை எப்படி அழிக்கிறது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, கையைச் சிவக்கடித்துவிட்டுத்தான் வருவார்கள். மருதாணி தோலின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லை. இலையில் உள்ள லாசோன் என்ற சாயம், தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. அந்த அடுக்கு முழுக்க இறந்த செல்கள். அவை உதிர்ந்தால்தான் நிறமும் போகும். நாம் செய்யக்கூடியது அந்த உதிர்வைக் கொஞ்சம் விரைவுபடுத்துவது மட்டுமே.

புறங்கையிலும் முன்கையிலும் தோல் மெலிது. ஒரு வாரம், பத்து நாளில் தானே மங்கிவிடும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்த தோல். அங்கே இரண்டு மூன்று வாரம்கூட நிற்கும்.

விழுது ஈரமாக இருக்கும்போதே தப்பான இடத்தில் பட்டுவிட்டால் கதை வேறு. முதலில் உலர்ந்த துணியால் மேல்நோக்கி வழித்தெடுங்கள், பரப்பித் துடைக்காதீர்கள். பிறகு எண்ணெய் தொட்ட பஞ்சு, அதன்பின் சோப்புத் தண்ணீர். சில நிமிடங்களுக்குள் செய்தால் பெரும்பாலும் தடமே இருக்காது. அரை மணி நேரம் தாண்டினால் ஆரஞ்சு நிறம் தங்கிவிடும்.

விழுதை எடுத்ததும் தெரிகிற ஆரஞ்சு, காற்றுப் பட்டு 24 முதல் 48 மணி நேரத்தில்தான் கருஞ்சிவப்பாகிறது. நன்றாகச் சிவக்க வேண்டுமானால் முதல் நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வோம். சிவக்க வேண்டாம் என்றால் அதற்கு நேரெதிர்: எடுத்த உடனே வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போட்டுக் கழுவத் தொடங்குங்கள். முதல் நாளைத் தவறவிட்டால் வேலை இரட்டிப்பு.

நன்றாக ஏறிவிட்ட கறைக்கு நாங்கள் சொல்லும் முறை இது. 2 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 4 மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து 15 நிமிடம் கையை ஊறவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் தோல் நைந்து, தேய்க்கும்போது கீறிக்கொள்ளும். ஈரம் ஒற்றியபின், 2 தேக்கரண்டி பொடித்த சர்க்கரையில் 1 தேக்கரண்டி தேங்காயெண்ணெய் குழைத்து உள்ளங்கையில் வட்டமாக 2 நிமிடம் தேயுங்கள். புறங்கைக்குச் சர்க்கரை வேண்டாம். தயிரில் குழைத்த பயத்தம் மாவு போதும். பாதத்துக்குப் பீர்க்கங்காய் நார் நல்லது, குதிகாலுக்குக் கால் தேய்க்கும் கல். கழுவியதும் மாய்ஸ்சரைசர் தடவ மறக்காதீர்கள். நாளுக்கு ஒரு முறை போதும். எரிச்சல் வந்தால் அடுத்த நாள் விட்டுவிடுங்கள்.

நடுவில் ஒரு கட்டம் வரும். ரேகைகளிலும் விரல் மடிப்புகளிலும் முதலில் அழிந்து, மற்ற இடம் திட்டுத்திட்டாகத் தோல் நோய் மாதிரி தெரியும். பலர் அங்கேதான் பதறி, வெறிகொண்டு தேய்க்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் அது சமமாகிவிடும்.

அழகு நிலையம் நடத்துபவர், நாகூர்

அக்கா சொன்னதில் எண்ணெயைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எண்ணெயை மட்டும் தடவிவிட்டு இருந்தால் மருதாணி அழியாது, காப்பாற்றப்படும். எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தடுத்துவிடும் அல்லவா? அதனால்தான் சிவந்தபின் தேங்காயெண்ணெய் தடவச் சொல்கிறோம். நிறம் இறங்க வேண்டுமானால் எண்ணெயோடு தேய்ப்பும் கழுவலும் சேர்ந்தே வர வேண்டும்.

நீலகிரித் தைலம், தலைவலித் தைலம், கிராம்புப் புகை எல்லாம் நிறத்தை ஏற்றத்தான் நம் வீடுகளில் பயன்படுகின்றன. கறை போக்க அவற்றைத் தடவுவது வீண். வெற்றிலைச் சுண்ணாம்பும் அப்படியே. அது தோலைப் புண்ணாக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவை ஐவேளையும் செய்கிறவர்களுக்கும், பாத்திரம் துலக்கி, துணி அலசுகிறவர்களுக்கும் கையிலும் மணிக்கட்டிலும் சீக்கிரமே மங்கிவிடும். குளோரின் கலந்த நீச்சல் குளத்து நீருக்கும் நிறம் குறையும்.

தோல் நோய்ப் பிரிவுச் செவிலியர், கோவை

எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாவைக் கலந்து பூசும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. இரண்டும் சேர்ந்தால் பொங்குவது அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால்தான். பொங்கி முடிந்தபின் மிஞ்சுவது உப்புக்கரைசலும் கொஞ்சம் கரையாத துகளும். நிறம் குறைந்தாற்போல் தெரிந்தால் அது அந்தத் துகள் தேய்த்த வேலை.

தனித்தனியாகப் போட்டாலும் நல்லதல்ல. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, அமில கார அளவு (pH) ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை, ஆப்பசோடா 8க்கு மேல். இரண்டுமே தோலின் காப்பைக் கெடுக்கும். எலுமிச்சை பூசிய கையோடு வெயிலில் போனால் கொப்புளமும், மாதக்கணக்கில் நிற்கும் கருமையும் வரலாம். மருதாணியைவிட அதைப் போக்குவது கடினம். பிளீச்சிங் பவுடர், துணி வெளுக்கும் திரவம், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் தோலில் வைக்காதீர்கள். பற்பசை கொஞ்சம் உராயும், மற்றபடி எரிச்சல்தான் மிச்சம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 10 சதவீத யூரியா கிரீம் இதற்கு நல்ல வழி. இரவில் உள்ளங்கை, உள்ளங்காலில் தடவிவிட்டுப் படுத்தால் தடித்த தோல் இளகும். காலையில் ஈரத் துண்டால் மெதுவாகத் தேய்த்தால் போதும். முகத்திலும் வெடிப்பு உள்ள இடத்திலும் வேண்டாம், எரியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் கல், உப்பு, தோலை உரிக்கும் சாலிசிலிக் அமிலம் எதையும் தாமாகப் போட்டுத் தேய்க்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண்ணானால் தெரியவே தெரியாது. குழந்தைகள் கையைத் தேய்க்காதீர்கள், தானாகப் போகட்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு மருதாணியே கூடாது. தோல் வழியே உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

முடி அலங்காரம் செய்பவர், சென்னை

தலைக்கு ஹென்னா போடும்போது நெற்றியிலும் காதிலும் படியும் கறைதான் எங்கள் பக்கத்துத் தொல்லை. போடுவதற்கு முன் முடியோரமாக ஒரு விரல் அகலத்துக்கு வாசலின் தடவுங்கள், காது மடலின் பின்புறம் உட்பட. வழிந்ததை அப்போதைக்கப்போதே ஈரப்பஞ்சால் எடுத்துவிடுங்கள். கையுறை கட்டாயம். படிந்துவிட்டால் நல்லெண்ணெய் தொட்ட பஞ்சை 5 நிமிடம் வைத்து ஒற்றி எடுத்து, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். முகத்தோல் வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், சில நாளில் போய்விடும். உப்பையும் சர்க்கரையையும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மணப்பெண் அலங்காரக் கலைஞர், மதுரை

நகத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. விரலுக்குத் தொப்பி வைக்கும்போது நகமும் சிவந்துவிடும். நகம் தோல்போல் உதிராது. வளர்ந்துதான் வெளியேற வேண்டும். கைநகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். முழுதாக மாற நான்கு முதல் ஆறு மாதம், கால் பெருவிரலுக்கு ஒரு வருடத்துக்கு மேல். சுரண்டினால் நகம்தான் மெலியும். முன்கூட்டியே நிறமற்ற நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு போட்டுக் காயவிட்டால் நகத்தில் ஏறாது. பிறகு ரிமூவரால் எடுத்துவிடலாம்.

தோல் நோய்ப் பிரிவுச் செவிலியர், கோவை

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் கை முழுக்க மருதாணி வேண்டாம். ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை நகத்தில்தான் மாட்டுவார்கள். போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சாயம் இல்லாத விரலிலோ காது மடலிலோ மாட்டுவார்கள்.

கருப்பு மருதாணிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இலையிலிருந்து வரும் நிறம் ஆரஞ்சு முதல் கரும்பழுப்பு வரைதான். பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோனில் தலைச்சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். ஓரிரு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள், போட்ட கோலத்தின் கோட்டிலேயே அரிப்பு, வீக்கம், கொப்புளம் எழுந்தால் அது ஒவ்வாமை. தேய்க்கவே கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். மென்மையான சோப்பால் ஒரு முறை கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைத்து, தோல் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அந்த ஒவ்வாமை உடம்பில் தங்கிவிடுவதால், பிற்பாடு தலைச்சாயம் போட்டாலும் கிளம்பும். கோனின் உறை வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அச்சிட்டிருந்தால் மருத்துவருக்கு உதவும்.