ஆறாவதுக்கு கவர்மென்ட் ஸ்கூல் மாத்தணும், டிசி தர மாட்றாங்க

அக்கா அண்ணன்களே, நாங்க திருமங்கலம் பக்கம், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறாரு. பொண்ணு பிரைவேட்ல அஞ்சாவது முடிச்சிட்டா, இனிமே ஃபீஸ் கட்ட வழியில்ல, போன வருசம் கட்டுனதுக்கே என் தோடு இன்னும் அடகுலதான் கெடக்கு. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட்ல படிச்சா மெடிக்கல்ல 7.5% ஒதுக்கீடு, காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய்னு இருக்கு, அதான் இந்த வருசமே சேர்த்துறணும். ஆனா வேன் ஃபீஸ் பாக்கின்னு டிசிய புடிச்சு வச்சுருக்காங்க. எட்டாவது வரைக்கும் டிசி லேட்டானாலும் சீட் மறுக்கக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, அப்படி சேர்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா, எமிஸ்ல (ஸ்கூல் பிள்ளைங்க விவரம் இருக்குற கவர்மென்ட் ஆன்லைன் பதிவு) பேரை புது ஸ்கூலுக்கு எப்படி மாத்துனீங்க? பக்கத்துல இங்கிலீஷ் மீடியம் இருக்குற கேர்ள்ஸ் ஸ்கூலும் சொல்லுங்க, அவ ரொம்ப பயந்த புள்ள, அன்பா சொல்லிக்குடுக்குற டீச்சருங்க இருக்குற எடமா பாத்து சொல்லுங்க.